நனையாத தரை

ஒரு சுருளில் பன்னிரண்டு.
பதினொன்று போய்விட்டது:
மூன்று படகு, மூக்கொழுக நிற்கும் தங்கை பிள்ளை,
மீதியெல்லாம் பனிமூட்டம் என்று நம்பி
நான் எடுத்த வெறும் சாம்பல்.

கழுவும் கூலியும் சேர்த்தால் ஒரு படம்
இரண்டு கிலோ உருளைக்கிழங்கு.
சீலோயே தீவில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம்.
கல்யாணச் செலவையே கிழங்கில்தான் சொல்வார்கள்.

இன்று நவுவெல்கின் வீடு நடக்கிறது.
கடல் கரையைத் தின்று வாசல் வரை வந்துவிட்டது.
அடியில் இரண்டு நெடுமரம் செருகி
எட்டு நுகம் மாடு பூட்டி
ஊரே கயிறு பிடித்து மேட்டுக்கு இழுக்கிறது.
ஜன்னலில் திரைச்சீலை அப்படியே.
திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே
சீட்டு வாங்கி உட்கார்ந்தவள்போல் ஒரு பூனை.

எடு, எடு என்கிறான் மாட்டுக்கார அபெலார்தோ.
இதைவிட வேறென்ன வேண்டும் உனக்கு?

கழுத்தில் தொங்கும் பெட்டியைத் திறந்து குனிகிறேன்.
தேய்த்த கண்ணாடியில் இடம் வலமாகி, வலம் இடமாகி
வீடு
கடலுக்கே திரும்பிப் போகிறது.

ஏழு வரை எண்ணுவது என் வழக்கம்.
எண்ணி முடித்தும் அப்படியே இருந்தால்
அது எங்கும் போகாது, படம் எதற்கு?
அதற்குள் போய்விட்டால் போனதுதான்.
அப்படியானால் எப்போதுதான் எடுப்பாய் என்று
தங்கை கேட்டு இரண்டு வருடம்.
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று. பூனை கொட்டாவி விட்டது.
இரண்டு. கயிறு விறைத்தது.
மூன்றில் நிமிர்ந்தால்
சுற்றிலும் நாற்பது கைபேசிகள்,
நாற்பதிலும் அதே பூனை.
மூடியைச் சாத்தினேன்.

வீட்டின் பின்னாலேயே ஊர் போயிற்று.
தூறலுக்குக் கேமராவை ஒளித்துவைக்க
இடம் தேடித்தான் நான் திரும்பினேன்.

வீடு இருந்த இடத்தில்
வீட்டின் அளவுக்கு ஒரு தரை.
வெளுத்து, மாவாய், காலடி படாமல்.
மழை ஓயாத இந்தக் கரையில்
நாற்பத்தொரு வருடம் ஒரு துளி தொடாத மண்.
ஒரு கரண்டி. ஒற்றைக் குழந்தைச் செருப்பு. கோழியிறகு.
முதல் துளி விழுந்த இடம் கறுத்தது.
தள்ளி இன்னொன்று.
பிறகு அம்மை போட்டதுபோல் தரையெங்கும்.

ஒரு மணம் எழுந்தது.
ஈரத்திலேயே பிறந்து ஈரத்திலேயே வளர்ந்தவள் நான்.
காய்ந்த மண்ணில் மழை விழுந்தால்
இப்படி மணக்கும் என்று
முப்பத்தாறு வயதில்தான் தெரிகிறது.

அதைப் படம் எடுக்க முடியாது.

ஒளிமானி அரை நொடி கேட்டது.
கையில் பிடித்தால் நடுங்கும்.
வீட்டைத் தாங்கியிருந்த அடிமரம் ஒன்றின்மேல்
பெட்டியை வைத்தேன்.

அப்போது ஓர்த்தென்சியா வந்தாள்,
எதையோ மறந்துவிட்டுப் போனவள்போல்.
கதவு இருந்த இடத்தில் நின்று
இல்லாத மிதியடியில்
பூட்ஸ் சேற்றை இரண்டு தரம் தேய்த்துவிட்டு
உள்ளே போனாள்.

எண்ண மறந்தேன்.

என்னை வேண்டாம், என்றாள் திரும்பாமலே.
தலை வாரவில்லை. தரையை எடு.
நீங்கள் நகர்ந்தால் எடுக்கிறேன்.
நகர்கிறேன், இரு.
நகரவில்லை. குனிந்து
கரண்டியை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள்.
புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.
வெளுப்பு, அவள் நிழல் அளவுக்குத்தான் மிச்சம்.

நான் அழுத்தினேனா,
குளிரில் விறைத்த விரல் தானாக இறங்கியதா,
அந்த அரை நொடியில் அவள் அசைந்தாளா,
தெரியாது. மூன்று வாரம் ஆகும்.

மேட்டில் விருந்து.
வீட்டை எடுத்தாயா?
இல்லை.
பூனையை?
இல்லை.
அபெலார்தோ என் தட்டில் கறி வைக்காமல்
கிழங்காகவே குவித்தான்.
இரண்டு கிலோ இருக்கும்.

சுருளை நாவால் நனைத்து ஒட்டி
புவெர்த்தோ மோன்ட் பேருந்தில் கொடுத்தேன்.
ஓட்டுநர் நோல்பெர்த்தோ அதைப் பாலாடைக்கட்டிப் பொட்டலத்தின் பக்கம் வைத்தார்.
வெயில் படாமல் வையுங்கள், என்றேன்.
அவர் கண்ணாடிக்கு வெளியே ஒருமுறை பார்த்தார்.
பிறகு என்னை.
வண்டியைக் கிளப்பினார்.